மார்பிள் மேடையில் வட்டத் தடம், எப்படித் தேய்த்தும் போகவில்லை

நிலாமுற்றம்:
சமையல் மேடைக்கு வெள்ளை மார்பிள் போட்டு எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் அம்மா எலுமிச்சம்பழ மூடியைப் பிழிந்துவிட்டு மேடையிலேயே கவிழ்த்து வைத்துவிட்டார். காலையில் எடுத்தால் அந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம். நேராகப் பார்த்தால் தெரியாது. ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தால் வட்டம் மட்டும் மங்கிக் கிடக்கிறது, விரல் வைத்தால் லேசாகச் சொரசொரப்பு. சீலர் அடித்துத்தான் கொடுத்தார்கள். அப்புறம் ஏன் இப்படி? குளியலறைத் தரைக்கும் இதே கல்லைத்தான் நினைத்திருந்தோம்.

மட்டப்பலகை:
அது கறை இல்லை, அரிப்பு. மார்பிள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். புளிப்பு பட்டால் மேல்தோலே கரையும். சீலர் எண்ணெயும் காபியும் உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்ளும், இதைத் தடுக்காது. வாங்குகிறவர்களிடம் யாரும் இதைச் சொல்வதில்லை. பத்தொன்பது வருடமாகக் கல் பதிக்கிறேன், இன்றும் எனக்கு இதில் கோபம் வரும்.

மார்பிள் பாலிஷ் பவுடரை ஈரத்துணியில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். மங்கல் போய்விடும். சொரசொரப்பு போகாமல் இருந்தால் பாலிஷ்காரர்தான் வர வேண்டும். இனி வினிகர், ஆசிட், பாத்திரம் தேய்க்கும் பவுடர் எதுவும் வேண்டாம். கல்லுக்கான மென்மையான சோப்புத் தண்ணீர் போதும்.

குளியலறைக்கு மார்பிள் வேண்டவே வேண்டாம். கழிவறை ஆசிட் ஒரு தடவை சிந்தினால் போதும். பாலிஷ் கல் ஈரத்தில் வழுக்கவும் செய்யும், அம்மா நடக்கிற இடம். மேட் விட்ரிஃபைட், அதாவது பளபளப்பில்லாத, கெட்டியாகச் சுட்ட ஓடு போடுங்கள், அது தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. சுவருக்கு விற்கும் செராமிக் 10 சதவீதத்துக்கு மேலேகூடக் குடிக்கும். அதைத் தரையில் போட்டுவிடாதீர்கள்.

கருங்கல்:
மேடைக்கு கிரானைட் போட்டிருந்தால் எலுமிச்சை ஒன்றும் செய்திருக்காது. ஆனால் கருப்பாக இருப்பதெல்லாம் கிரானைட் இல்லை. கருப்புச் சுண்ணாம்புக்கல்லும் பாலிஷ் போட்டால் அதே மாதிரிதான் இருக்கும். நான் சாம்பிள் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து சாறு பிழிந்து அரை மணி நேரம் வைத்துப் பார்த்த பிறகுதான் வாங்கினேன்.

தாழ்வாரம்:
ஓடுகளுக்கு இடையே உள்ள ஜாயின்ட்டையும் மறக்க வேண்டாம். எங்கள் வீட்டில் அந்த இடுக்கை அடைக்கும் கிரௌட் கருத்துப்போனது, அதை வெளுக்க ஆசிட் ஊற்றினேன். ஓடு அப்படியே இருந்தது, சிமென்ட் கிரௌட் மாவாக உதிர்ந்தது. இப்போது எபாக்சி என்கிற பிசின் கிரௌட். பூசும்போதே வழிந்ததைத் துடைத்துவிடச் சொல்லுங்கள், காய்ந்தால் எடுப்பது பெரும்பாடு.

நிலாமுற்றம்:
நன்றி. இருபது நிமிடம் தேய்த்தேன். வட்டத்தின் ஓரம் மறைந்துவிட்டது, நடுவில் ஒரு பொட்டு அளவுக்கு மட்டும் இன்னும் மங்கல். குளியலறைக்கு மேட் விட்ரிஃபைட் என்று முடிவு. மட்டப்பலகை அண்ணா, பெட்டி எத்தனை கூடுதலாக வாங்க வேண்டும்?

மட்டப்பலகை:
பத்துக்கு ஒன்று கூட வாங்குங்கள். எல்லாப் பெட்டியிலும் ஒரே ஷேட் நம்பர் (நிறச் சாயலைக் குறிக்கும் எண்) இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறக்குங்கள்.