மாட்டுத் தொழுவத்தில் இருக்கும் தண்டவாளம்: 1902-ஆ, 1908-ஆ?

வணக்கம். போடி பக்கம் குரங்கணியில் எங்கள் தாத்தா கட்டிய மாட்டுத் தொழுவத்தில் உத்தரமாக ஒரு பழைய தண்டவாளம் கிடக்கிறது. மூணாறு–டாப் ஸ்டேஷன் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் இருந்து வந்தது என்பது வீட்டுப் பேச்சு. 1924 வெள்ளத்தில் அந்தப் பாதை அழிந்த பிறகு இரும்பு கீழே வந்திருக்கலாம். தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனில் இருந்து ரோப்வேயில் இறங்கியதும் இந்தப் பக்கம்தானே.

சிக்கல் இதுதான். அங்கே 1902-ல் முதலில் போட்டது ஒற்றைத் தண்டவாளம். பாரம் அதன் மேல், சாயாமல் இருக்க ஒரு பெரிய சக்கரம் பக்கத்து மண் சாலையில், இழுத்தது மாடுகள். 1908-ல் அதை மாற்றி 2 அடி அகலப் பாதையும் நீராவி எஞ்சினும் வந்தன. எங்களுடையது எது?

உயரம் இரண்டரை அங்குலம், அடி தட்டை, ஒரு முனையில் போல்ட் ஓட்டை இரண்டு. பக்கவாட்டில் புடைத்த எழுத்துகள் உண்டு. மண்ணெண்ணெய் ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன், அப்புறம் தாள் வைத்துப் பென்சிலால் உரசினேன். 1, 9, 0 தெரிகிறது. கடைசி எண் துருவில் போய்விட்டது. வேண்டியதே அதுதான்! கழற்றி எடை போடவும் வழியில்லை, கூரையே அதன் மேல்தான் நிற்கிறது. ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால் "வெள்ளைக்காரன் இரும்பு" என்பதோடு சரி.

ஆண்டு எண் இல்லாமல், அளவையும் ஓட்டையையும் மட்டும் வைத்து இது எந்தப் பாதையின் தண்டவாளம் என்று பிரித்துச் சொல்ல முடியுமா?