சென்னையின் 54 சதவீதம்: சோம்பலா, பட்டியல் கோளாறா?

அடையாறு ஆலமரம்:
ஒரு பழைய கணக்கு. 2024 ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தலில் தருமபுரியில் வாக்குப்பதிவு 81 சதவீதம். தென் சென்னையும் மத்திய சென்னையும் 54ஐ ஒட்டி நின்றன. வட சென்னை மட்டும் 60. அன்று வெள்ளிக்கிழமை, சனி ஞாயிறு சேர்த்து மூன்று நாள். எங்கள் அடுக்ககத்தில் பாதி கார்கள் வியாழன் இரவே கிளம்பிவிட்டன. திங்கட்கிழமை அதே ஆட்கள் லிஃப்டில் நாடு கெட்டுப்போச்சு என்று புலம்பினார்கள்.

ஆஸ்திரேலியாவைப் போல வாக்களிப்பைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் வாதம். அங்கே 1922 தேர்தலில் 60க்கும் கீழே இருந்தது. 1924இல் சட்டம் போட்டார்கள், 1925இல் 91ஐத் தாண்டியது. அபராதம் இன்றைக்கும் 20 டாலர்தான். இங்கே 200 ரூபாய் போட்டால் போதும், அத்தனை பேரும் வரிசையில் நிற்பார்கள்.

ஓஎம்ஆர் தேனிக்காரன்:
ஆலமரம் சார், ஊட்டிக்குப் போனவர்கள் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறார்கள். முந்தின நாள் இரவு கிளாம்பாக்கத்தில் பேருந்துக்கு நின்றவர்கள் படவில்லை. அவர்களில் நானும் ஒருவன். போடிக்குப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு ஞாயிறு இரவு திரும்பினேன். ஆம்னி பேருந்துக்குப் போக வர 3,000 ரூபாய்க்கு மேல் ஆனது. போகாத நண்பனுக்கு நீங்கள் 200 அபராதம் போட்டால் அவன் சிரித்துக்கொண்டே கட்டிவிடுவான், அவனுக்கு லாபம்.

தினக்கூலிக்காரர் கதை வேறு. வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் சொல்கிறது. சித்தாள் வேலைக்குப் போகிறவருக்கு அந்தச் சம்பளத்தை யார் கொடுத்தார்கள்?

சாக்பீஸ்:
ஓய்வுபெற்ற ஆசிரியன். வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக ஏழு தேர்தல் பார்த்தவன். முதல் நாள் மதியமே பெட்டி படுக்கையோடு போய் பள்ளிக்கூட பெஞ்சில் படுத்து, விடியற்காலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்தியவன் என்கிற முறையில் ஒன்று சொல்கிறேன்.

நகரத்துப் பட்டியலில் பாதிச் சிக்கல் இருக்கிறது. இல்லாதவர், இடம் மாறியவர், இறந்தவர் என்று ஏ.எஸ்.டி. பட்டியல் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். ஒரு முறை 1,100 பேர் இருந்த பாகத்தில் (ஒரு சாவடிக்கான பட்டியல்) அந்தப் பட்டியலிலேயே 90 பேருக்கு மேல். அந்தப் பட்டியலிலும் இல்லாத ஆட்களைக் கட்சி முகவர்கள் சொல்வார்கள்: "சார், இந்த வீட்டையே இடிச்சுட்டாங்க", "இவங்க பொண்ணு வீட்டுக்கு அமெரிக்கா போயிட்டாங்க". மாலையில் சதவீதம் போடும்போது அத்தனை பேரும் வகுக்கும் எண்ணில் உட்கார்ந்திருப்பார்கள்.

2025 டிசம்பரில் வந்த வரைவு வாக்காளர் பட்டியலைப் பாருங்கள். சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு தமிழ்நாடு முழுக்க 97 லட்சம் பெயர்கள் நீக்கம். சென்னை மாவட்டத்தில் மட்டும் 40 லட்சத்தில் 14 லட்சத்துக்கு மேல். மூன்றில் ஒன்று! மிச்சம் 65 சதவீதம். 54ஐ 65ஆல் வகுத்துப் பாருங்கள். 83 வருகிறது. தருமபுரியைத் தாண்டிவிட்டோம், ஐயா.

அடையாறு ஆலமரம்:
கணக்கு வாத்தியாரா நீங்கள்? அப்படியானால் சரியாகப் போடுங்கள். நீக்கப்பட்ட 14 லட்சம் பேரில் ஒருவர்கூட 2024இல் ஓட்டுப் போடவில்லை என்று வைத்துக்கொண்டால்தான் 83 வரும். அதற்குப் பின் வீடு மாறியவர்கள், படிவம் கைக்கு வராதவர்கள், உயிரோடு இருந்தும் பெயர் போனவர்கள் எல்லாம் அதில் இருக்கிறார்கள். எங்கள் கீழ் வீட்டு மாமி 2024இல் என்னோடு வந்து ஓட்டுப் போட்டார். வரைவில் அவர் பெயர் இல்லை, சேர்க்கச் சொல்லிப் படிவம் 6 எழுதினார். அது போக, தென் சென்னைத் தொகுதியில் இருக்கும் சோழிங்கநல்லூர் செங்கல்பட்டு மாவட்டம், உங்கள் சென்னை மாவட்டக் கணக்கில் வராது.

உங்கள் வகுத்தலையே ஏற்றுக்கொள்கிறேன். 2022 பிப்ரவரி 19 மாநகராட்சித் தேர்தலில் சென்னை சுமார் 44 சதவீதம். 44ஐ 65ஆல் வகுத்தால் 68ஐக்கூட எட்டவில்லை. குப்பை, கால்வாய், குடிநீர் எல்லாம் பார்க்கிற கவுன்சிலருக்கு மூன்றில் ஒருவர் வரவில்லை. அன்று சனிக்கிழமை. செத்தவர்களை எல்லாம் கழித்தாகிவிட்டது. மிச்சமிருப்பவர்கள் யார்?

சாக்பீஸ்:
கழித்தலில் நான் கொஞ்சம் தாராளமாகப் போய்விட்டேன், ஒப்புக்கொள்கிறேன். மாநகராட்சிக் கணக்குக்கும் என்னிடம் பதில் இல்லை. அடுக்ககங்கள் நிறைந்த பாகங்களில் காலை நடைப்பயிற்சியை முடித்துவிட்டு வருபவர்களோடு கூட்டம் சரி. பதினொரு மணிக்கு மேல் நாங்கள் ஈ ஓட்டுவோம். வாரியக் குடியிருப்புப் பாகங்களில் சாயங்காலம் வரிசைக்கு டோக்கன் கொடுத்து முடிக்க வேண்டியிருக்கும். இதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன்தான் நான்.

விகிதம்39:
நீங்கள் எல்லோரும் வாசலிலேயே நிற்கிறீர்கள். உள்ளே போட்ட ஓட்டு என்ன ஆகிறது? 2014இல் தமிழ்நாட்டில் அதிமுக 44 சதவீதம் வாங்கியது, 39இல் 37 இடம். திமுகவுக்கு 23 சதவீதத்துக்கு மேல் கிடைத்தும் இடம் பூஜ்யம். 2024இல் மறுபடி ஒரே பக்கம் 39. கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் போட்ட ஓட்டு டெல்லியில் ஒரு நாற்காலியாகக்கூட மாறவில்லை என்றால், அந்த ஆள் அடுத்த முறை எதற்கு வர வேண்டும்? வாங்கிய ஓட்டு விகிதத்துக்கு ஏற்பக் கட்சிக்கு இடம் தரும் விகிதாச்சார முறை வந்தால் ஓட்டுக்கு மதிப்பு வரும், ஆளும் வருவார்.

ஓஎம்ஆர் தேனிக்காரன்:
ஆனால் வந்தார்களே! 2014இல் தமிழ்நாட்டில் 73 சதவீதத்துக்கு மேல் பதிவானது. பூஜ்யம் வாங்கிய பிறகு 2019இலும் 72. வீணாய்ப் போகிற ஓட்டு என்று தெரிந்தே வருகிறார்கள் நம் மக்கள். திருமங்கலம் பாணியில் வீட்டுக்கு வந்த பணக் கவர் ஒரு காரணம் என்று யாராவது சொல்லும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.

வவுனியாக் குரல்:
விகிதம்39 சொல்லும் முறை இலங்கையில் எங்களிடம் 1989 முதல் நடக்கிறது. மாவட்டத்துக்குக் கட்சிப் பட்டியல், அதற்குள் பிடித்த வேட்பாளர்களுக்கு மூன்று விருப்பு வாக்கு. விளைவு என்னவென்றால், எதிர்க்கட்சிக்காரனைவிட சொந்தப் பட்டியலில் இருப்பவனோடுதான் சண்டை அதிகம். மாவட்டம் முழுக்கப் போஸ்டர் ஒட்டக் காசுள்ளவனுக்கே வசதி. ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: வடக்குக் கிழக்கில் சிறு கட்சிகளும் பாராளுமன்றம் போக முடிகிறது. ஆனால் ஆட்கள் வருவதற்கும் முறைக்கும் தொடர்பு குறைவு. 2024 செப்டம்பர் சனாதிபதித் தேர்தலில் 79 வீதம் வந்தவர்கள், நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் 69 வீதம்தான். அதே சனம், இரண்டு மாத இடைவெளி. முடிவு தெரிந்துவிட்டது என்று பலர் வீட்டில் இருந்துவிட்டார்கள்.

விகிதம்39:
விருப்பு வாக்கு இல்லாத பட்டியல் முறையும் உண்டு. ஆனால் அதில் பட்டியலைத் தலைவர் வீட்டு வரவேற்பறையில் எழுதுவார்கள். இங்கே கேட்கவே வேண்டாம். சரி, நோட்டாவுக்காவது பல் வேண்டாமா? 2024இல் இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் விலகினார், நோட்டாவுக்கு 2,18,674 வாக்குகள். ஒன்றும் நடக்கவில்லை, நின்றவர் எம்.பி. ஆனார்.

சாக்பீஸ்:
நோட்டா வருவதற்கு முன் 49ஓ விதி இருந்ததே, நினைவிருக்கிறதா? யாருக்கும் போட விருப்பமில்லை என்றால் 17ஏ என்கிற வாக்காளர் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கட்சி முகவர்கள் எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள். என் சாவடியில் ஒரே ஒரு பெண் அதைக் கேட்டார். எழுதி முடிப்பதற்குள் ஒரு முகவர் அவர் தெருப் பெயரைச் சத்தமாகச் சொன்னார். 2013இல் உச்ச நீதிமன்றம் நோட்டாவைக் கொண்டுவரச் சொன்னது ரகசியத்தைக் காக்கத்தான். பல் இருக்கிறதோ இல்லையோ, அந்தப் பெண்ணுக்கு அது போதும்.

ஆலமரம் ஐயா, உங்கள் கட்டாய வாக்குக்கு வருகிறேன். குஜராத்தில் உள்ளாட்சிக்கு அப்படிச் சட்டமே போட்டார்கள். 2015இல் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதே வருடம் சட்ட ஆணையமும் தன் 255ஆவது அறிக்கையில் வேண்டாம் என்றது. பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்களில் பெரும்பாலோர் 2024இல் வாக்குச்சாவடிக்கே போகவில்லை. அவர்கள் சோம்பேறிகளா? ஊருக்கே நோட்டீஸ் அனுப்புவீர்களா?

அடையாறு ஆலமரம்:
ஏகனாபுரத்துக்கு அனுப்ப மாட்டேன். அந்த இடத்தில் என் சட்டம் இடிக்கிறது, உண்மைதான். ஆனால் ஏகனாபுரத்தின் பின்னால் எங்கள் அடுக்ககம் ஒளிந்துகொள்ளக் கூடாது.

தேனிக்காரத் தம்பி, உங்களிடம் ஒன்று. ஓஎம்ஆரில் எத்தனை வருடமாக இருக்கிறீர்கள்?

ஓஎம்ஆர் தேனிக்காரன்:
ஒன்பது. துரைப்பாக்கத்தில் வாடகை வீடு.

அடையாறு ஆலமரம்:
சாதாரணமாக வசிக்கும் இடத்தில்தான் ஓட்டு இருக்க வேண்டும் என்பது சட்டம். போடி பட்டியலில் உங்கள் பெயர் எப்படி?

ஓஎம்ஆர் தேனிக்காரன்:
சட்டப்படி தப்புதான். தீவிரத் திருத்தப் படிவம் போடி வீட்டுக்கு வந்தது, அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். இங்கே என் கவுன்சிலர் யாரென்று எனக்குத் தெரியாது. அங்கே எந்தத் தெருவில் எந்த வருடம் தார் போட்டார்கள் என்பதுகூடத் தெரியும். அறிந்து போடுகிற ஓட்டு எது, சார்?

எங்களைப் போன்றவர்களுக்காகத்தான் தேர்தல் ஆணையம் 72 தொகுதிகளைக் கையாளும் தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரத்தை 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்ட அழைத்தது. 2019இல் 30 கோடிப் பேர் வாக்களிக்கவில்லை என்று அதற்குக் காரணமும் சொன்னார்கள். கட்சிகள் ஒத்துக்கொள்ளவில்லை, அதோடு நின்றது.

சாக்பீஸ்:
கட்சிகளின் பயமும் நியாயம்தான். ஒரே இயந்திரத்தில் 72 ஊர். போடி வேட்பாளரின் முகவர் துரைப்பாக்கத்தில் வந்து உட்காருவாரா? முகவர் இல்லாத சாவடியை நான் நம்ப மாட்டேன். அவர்கள் டீ கேட்டு உயிரை வாங்கினாலும்.

அடையாறு ஆலமரம்:
தம்பி, படிவம் 8 போட்டு இங்கே மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டு ஓனர் ஒப்பந்தம் தராவிட்டால் போகட்டும். கேஸ் இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறதா? அந்த பில்லே முகவரிச் சான்று.

ஓஎம்ஆர் தேனிக்காரன்:
கேஸ் என் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் இங்கே பெயர் ஏறினால் போடிப் பக்கம் போய்விடும். உள்ளாட்சித் தேர்தல் எப்போது வந்தாலும் சித்தப்பா வார்டுக்கு நிற்கிறார். ஒரு ஓட்டுக் குறைந்தால் வீட்டில் சோறு கிடைக்காது. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன், பேசிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.