பழைய ஃபெர்குசன் டிஇடி 20 டிராக்டருக்கு எந்த ஸ்பார்க் ப்ளக் போடறதுங்க?

அண்ணனுங்களா, காங்கேயம் பக்கம் தோட்டத்துல எங்க அப்பாரு காலத்து ஃபெர்குசன் டிஇடி 20 நிக்குதுங்க, 4 சிலிண்டர், பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி சூடானதும் கெரசினுக்கு மாத்தற மாடல், அதனால கம்ப்ரெஷனே கம்மி. இப்ப பெட்ரோல்ல மட்டுந்தான் ஓட்டறோம். ஆடி மாசத்துல இருந்து ப்ளக் கரி புடிச்சு மிஸ்ஸிங் அடிக்குதுங்க.

உழவுக்கு கலப்பைய எறக்கி லோடு குடுத்தா நல்லா இழுக்குது, ஸ்லோல கொஞ்ச நேரம் நின்னாலோ சும்மா ட்ரெய்லர் இழுத்தாலோதான் தொந்தரவு. கழட்டிப் பாத்தா நாலுலயும் காஞ்ச கரி, எண்ணெப் பிசுக்கே இல்ல, அதனால ரிங் போயிருக்காதுன்னு நெனக்கறேன். டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் கேப் 12 தௌ (ஒரு தௌன்னா இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு), ப்ளக் கேப் 30 தௌ வெச்சாச்சு, கண்டென்சர், காயில், ஒயர் எல்லாம் புதுசு, கார்ப்ரேட்டர் கழுவி மிக்ஸர கொறச்சும் பாத்தாச்சு, ஏர் கிளீனர்லயும் அடைப்பில்ல. மெக்கானிக்குக எல்லாம் டீசல் வண்டி பாத்துப் பழகுனவிய, ப்ளக்குன்னாலே பைக் கடைக்குப் போங்கறாங்க.

அங்க குடுத்தது என்ஜிகே கம்பெனி பி7எச்எஸ். 14 எம்எம், அரை இன்ச் ரீச் (மரை நீளம்), கரெக்டா உக்காருது, ஆனா இந்த எஞ்சினுக்கு அது ரொம்ப கூல் ப்ளக்கோன்னு, அதாவது சூட்ட சீக்கிரம் எறக்கிடறதால கரி எரிஞ்சு போகாம தங்கிடுதோன்னு சந்தேகமா இருக்குதுங்க. என்ஜிகேல நம்பர் கொறைய கொறைய ஹாட். இந்த வண்டிய விக்கற எண்ணமே இல்ல, இன்னும் பல வருசம் ஓடோணும்.

இதே மாடல் வெச்சிருக்கறவிய, பெட்ரோல்ல மட்டும் ஓட்டறப்ப கரி புடிக்காம நின்ன ப்ளக் எந்த நம்பருங்க?