தள்ளுபடி விதி ஒன்றை மாற்ற மூன்று சேவைகளைத் திருத்த வேண்டியிருக்கிறது: பிரித்தது தவறா?

கேள்வி:
வணக்கம். எங்கள் விற்பனை மென்பொருளை ஆர்டர், விலை, தள்ளுபடி, சரக்கிருப்பு, பில்லிங் என ஐந்து சேவைகளாக, அதாவது தனித்தனியே இயங்கும் நிரல்களாகப் பிரித்து ஓராண்டு ஆகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலை என்பதால் கொஹீஷன் (ஒரு பகுதிக்குள் இருப்பவை ஒன்றோடொன்று பொருந்தியிருப்பது) கூடும், ஏபிஐ (நிரல்கள் ஒன்றையொன்று கேட்பதற்கென வரையறுத்த வாசல்) வழியாக மட்டுமே பேசுவதால் கப்ளிங் (பகுதிகள் ஒன்றையொன்று சார்ந்திருப்பது) குறையும் என்று நம்பினோம். ஆனால் 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்ற ஒரே விதிக்காக ஆர்டர், விலை, தள்ளுபடி ஆகிய மூன்றையும் திருத்தி ஒரே இரவில் வெளியிட நேர்ந்தது. மீண்டும் இணைத்துவிடலாமா, இடையில் மெசேஜ் கியூ (செய்திகளை வரிசையில் வைத்திருந்து பிறகு கொடுக்கும் அமைப்பு) வைத்தால் போதுமா?

பதில் 1:
கியூவைப் பற்றி யோசிக்கும் முன் கிட் வரலாற்றை, அதாவது நிரலில் செய்த மாற்றங்களின் பதிவைப் பாருங்கள். எந்தெந்தக் கோப்புகள் ஒரே காரணத்துக்காகச் சேர்ந்தே மாறுகின்றன என்பதுதான் கொஹீஷனுக்கு நம்பகமான சாட்சி. சேவைக்கு வைத்த பெயர் சாட்சியாகாது. கொஹீஷன், கப்ளிங் என்ற இரு சொற்களையும் பரவலாக்கிய 1974ஆம் ஆண்டின் ஐபிஎம் சிஸ்டம்ஸ் ஜர்னல் கட்டுரை நிரலின் தொகுதிகளைப் பற்றியே பேசியது. ஆனால் தொகுதிகளுக்கு நடுவே நெட்வொர்க் வந்த பிறகு, தவறான இடத்தில் போட்ட எல்லைக் கோட்டுக்கு நாம் கொடுக்கும் விலை பல மடங்காகிவிட்டது. விலையும் தள்ளுபடியும் 'வாடிக்கையாளர் எவ்வளவு செலுத்த வேண்டும்' என்ற ஒரே கேள்விக்கு விடை சொல்பவை. அவற்றைப் பிரித்ததால் உள்ளே இருக்க வேண்டிய பிணைப்பு வெளியே வந்துவிட்டது.

பதில் 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஐந்தையும் ஒன்றாக்கிவிட வேண்டாம். கியூ, நேரத்தால் வரும் பிணைப்பை, அதாவது இரண்டும் ஒரே நேரத்தில் இயங்கியாக வேண்டும் என்ற கட்டாயத்தை மட்டுமே தளர்த்தும். ஒவ்வொன்றும் 99.9 சதவீத நேரம் இயங்கும் ஐந்து சேவைகள், ஒன்றின் விடைக்காக மற்றொன்று காத்திருக்கும் சங்கிலியாக இருந்தால், தனித்தனியே பழுதாகும் நிலையில் மொத்தம் சுமார் 99.5 சதவீதமாகிவிடும்; பில்லிங் அந்த நொடியே நடக்கத் தேவையில்லை என்றால் அங்கே கியூ பொருந்தும். ஆனால் செய்தியில் உள்ள ஒரு புலத்தின் (ஒரு தகவலுக்கான கட்டத்தின்) பொருள் மாறினால் கியூவின் இரு முனைகளும் உடையத்தான் செய்யும். ஒன்று கேட்கிறேன்: டேட்டாபேஸ் தனித்தனியா?

கேட்டவர்:
இல்லை, இப்போதுதான் கவனித்தோம். தள்ளுபடிக்குரிய அட்டவணையை ஆர்டர் சேவை நேரடியாகப் படிக்கிறது. அதில் 'வகை' என்ற புலத்தின் எண்களுக்கு என்ன பொருள் என்பது ஆர்டரின் நிரலிலும் எழுதப்பட்டிருக்கிறது. ஏபிஐ இருந்தும் பின்வாசல் திறந்தே கிடந்திருக்கிறது.

பதில் 2:
அப்படியானால் முதலில் அந்தப் பின்வாசலை மூடுங்கள். பிறகு விலையையும் தள்ளுபடியையும் இணைத்து, ஆர்டருக்கு இறுதித் தொகையையும் அதன் விளக்க வரிகளையும் மட்டும் கொடுங்கள். சரக்கிருப்பைத் தொட வேண்டாம். அது வேறு காரணங்களுக்காக மாறுவது.