பெர்லில் தரவுத்தளப் பிழை நேர்ந்தும், பிழைச் செய்தி தங்கும் $@ மாறி வெறுமையாக இருக்கிறது
வணக்கம். இரவுதோறும் ரசீதுகளை இரண்டு அட்டவணைகளில் சேர்க்கும் எங்கள் பெர்ல் ஸ்கிரிப்ட், இரண்டாவதில் பிழை நேர்ந்தாலும் முதல் பதிவை கமிட் செய்துவிடுகிறது (நிரந்தரமாகச் சேமித்துவிடுகிறது). பணக் கணக்கு என்பதால் இதைத் தள்ளிப்போட முடியாது. மூன்று வாரமாக, சில இரவுகளில் மட்டும் நிகழ்கிறது. சென்ட்ஓஎஸ் 6, பெர்ல் 5.10.1, மைஎஸ்க்யூஎல்.

பிழை நேர்ந்தால் ஓட்டத்தை முறிக்கும் ரைஸ்எரர் 1, தானாக கமிட் செய்யும் ஆட்டோகமிட் 0 என்றே தரவுத்தளத்தோடு இணைக்கிறேன். அட்டவணைகள் ரோல்பேக்கை (மாற்றங்களைத் திரும்பப் பெறுவதை) ஆதரிக்கும் இன்னோடிபி வகை. பிழைகளை அச்சிடும் பிரிண்ட்எரரை இயக்கிப் பார்த்ததில் 1062 (நகல் பதிவு) பிழை லாகில் பதிவாகிறது, ஆனால் பிழையைப் பிடிக்கும் ஈவல் தொகுதி முடிந்ததும் $@ வெறுமையாக இருப்பதால் ரோல்பேக் பகுதிக்கே ஓட்டம் போவதில்லை. இதே ஸ்கிரிப்ட் பெர்ல் 5.14-இல் சரியாக இயங்குவதால், ஈவலிலிருந்து வெளியேறும்போது அழியும் ஏதோ ஒரு ஆப்ஜெக்ட்டின் டெஸ்ட்ராய் (அழியும்போது தானாக இயங்கும் செயற்கூறு), தானும் ஓர் ஈவலை அழைத்து $@-ஐத் துடைத்துவிடுகிறது என்று கருதுகிறேன். சர்வரை இப்போது மேம்படுத்த வழியில்லை.

$@-ஐப் பார்க்காமல், ஈவலின் கடைசி வரியில் 1 என்று வைத்து, அது திருப்பித்தரும் மதிப்பைக் கொண்டே கமிட்டா ரோல்பேக்கா என்று முடிவு செய்தால் போதுமா?