‘பெயின்ஃபுலி’ என்றால் எப்போதும் வலிதானா?

ரோஸ் ஹில் தமிழாசிரியை:
இங்கே மொரீஷியஸில், மாலை வகுப்பில் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்புப் பயிற்சி கொடுத்திருந்தேன். கியூர்பிப்பிலிருந்து போர்ட் லூயிஸ் செல்லும் பேருந்து ‘பெயின்ஃபுலி ஸ்லோ’ (painfully slow) என்றிருந்ததை, ஒரு மாணவி ‘பேருந்து வலியுடன் மெதுவாகச் சென்றது’ என்று எழுதிவிட்டாள். பேருந்துக்கு எங்கே வலித்தது என்று நான் கேட்டதும் வகுப்பே சிரித்தது. ஆனால் அகராதியில் ‘வலியுடன்’ என்றுதான் இருக்கிறது என்று அவள் எடுத்துக் காட்டியபோது, எனக்குச் சட்டென்று விளக்கம் சொல்ல வரவில்லை. இச்சொல்லைத் தமிழில் எப்படிக் கையாள்வது?

மோக்கா வாசகர்:
அம்மா, அந்தச் சொல் எதைத் தழுவி நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அலகு குத்திக் காவடி எடுத்தவர், தைப்பூச வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு ‘பெயின்ஃபுலி’ நடந்தார் என்றால், அது உண்மையான வலி; ‘வலியோடு நடந்தார்’ என்றே எழுதலாம். ‘ஸ்லோ’, ‘தின்’, ‘ஷை’ போன்ற பண்புச் சொற்களுக்கு முன்னால் வரும்போதோ, அது மிகுதியைச் சொல்வதோடு, அந்த மிகுதி யாரையோ சங்கடப்படுத்துகிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. வலி பேருந்துக்கு அல்ல, உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு. ஆகவே, ‘பொறுமையைச் சோதிக்கும் அளவுக்குப் பேருந்து ஊர்ந்தது’ எனலாம். மெலிவுக்கு ‘பார்க்கவே மனம் பதறும்படி மெலிந்திருந்தான்’, கூச்சத்துக்கு ‘நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே குறுகிப்போவான்’. வெறும் ‘மிகவும்’ போட்டால் பிழையில்லை, சங்கடம்தான் விடுபட்டுப்போகும்.

போர்ட் லூயிஸ் வாசகர்:
நம் தீவுப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு மொழியாலும் ஒரு குழப்பம் உண்டு. ‘பெயின்ஃபுலி’யைப் போலவே, ‘பெனிப்லமான்’ (péniblement) என்ற பிரெஞ்சுச் சொல்லும் தண்டனையைக் குறிக்கும் ‘பொய்னா’ என்ற அதே இலத்தீன் வேரிலிருந்து வந்ததுதான். ஆனால் அதன் முதன்மைப் பொருள் ‘சிரமப்பட்டு’ என்பது. ஆங்கிலத்திலும் 17ஆம் நூற்றாண்டில் ‘பெயின்ஃபுல்’ போதகர் என்றால், அயராது உழைப்பவர் என்று பொருள். நம் ‘பாடு’ என்ற சொல்லைப் பாருங்கள்: ‘அவள் பட்ட பாடு’ என்றால் துன்பம், ‘பாடுபட்டு வளர்த்தாள்’ என்றால் உழைப்பு!

ரோஸ் ஹில் தமிழாசிரியை:
இருவருக்கும் நன்றி. ‘பெயின்ஃபுலி ஆப்வியஸ்’ என்பதற்கு ‘வெட்டவெளிச்சம்’ போதுமா?

மோக்கா வாசகர்:
வெட்டவெளிச்சத்தில் தெளிவு மட்டுமே இருக்கிறது, அம்மா. சம்பந்தப்பட்டவர் கூனிக்குறுகும் இடமாக இருந்தால், ‘பல்லிளித்தது’ என்று போடுங்கள்.