மறு: ‘ஆக்சஸ் ரைடர்’ தமிழில் – ‘வசதிக் குறிப்பு’ என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

இந்த இழையில் வந்த மடல்களை நேற்று இரவு முதலிலிருந்து மறுபடி படித்தேன். ‘ஆக்சஸ் ரைடர்’ என்பதற்குத் தமிழ்ச் சொல்லாக அணுகல் இணைப்பு, தேவைப் பட்டியல், இசைவுக் குறிப்பு, ஏதுக் குறிப்பு என்று நான்கு சொற்கள் களத்தில் நிற்கின்றன. நான்கையும் என் ஒலிப்பதிவுக்கூடத்தில் இரண்டு மாதமாகப் புழங்கிப் பார்த்துவிட்டேன். தொலைபேசியில் சொன்னேன், படிவத்தின் தலைப்பில் அடித்தேன், பாட வந்தவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்று கவனித்தேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் ஐந்தாவதாக ஒரு சொல்லை முன்வைக்கிறேன்.

குழுவுக்குப் புதிதாக வந்தவர்களுக்காகப் பொருளைச் சொல்லிவிடுகிறேன். இசைக்காரர்களுக்கு ரைடர் பழகிய சொல். எத்தனை மைக், எத்தனை மானிட்டர் ஸ்பீக்கர், மின்சாரம் எந்தப் பக்கம் என்று நிகழ்ச்சிக்கு முன்பே ஒரு தாள் வரும். அது டெக் ரைடர். ஆக்சஸ் ரைடரும் அதே மாதிரி ஒரு தாள்தான். இசைஞர் தான் எப்படி வேலை செய்கிறார், அதற்குக் கூடம் என்னென்ன செய்துவைக்க வேண்டும் என்று தானே எழுதி முன்கூட்டி அனுப்புவது. சக்கர நாற்காலி, செவிக்கருவி, திரையில் இருப்பதைப் பேசிக் காட்டும் திரைவாசிப்பான், வெளிச்சம், ஓய்வு நேரம் எல்லாம் அதில் வரலாம். ஒவ்வொரு புதிய இடத்திலும் முதலிலிருந்து வாயால் விளக்கிக்கொண்டிருக்கும் அலுப்பை அந்த ஒரு தாள் மிச்சப்படுத்துகிறது.

> ரைடர் என்றால் ஒப்பந்தத்தின் கூடுதல் இணைப்பு. ஆகவே ‘அணுகல் இணைப்பு’ என்பதே மூலத்துக்கு நெருக்கம்.

நெருக்கம்தான் ஐயா. ஆனால் எங்கள் தொழிலில் ‘இணைப்பு’ என்றால் கேபிள். கணினியில் அது சுட்டி, அதாவது லிங்க். ‘அணுகல்’ என்ற சொல்லையோ கணினி முழுதாக எடுத்துக்கொண்டுவிட்டது; கோப்பைத் திறக்கப் போனால் ‘அணுகல் மறுக்கப்பட்டது’ என்று வருகிறதே, அந்த நினைவுதான் முதலில் எழுகிறது. “உங்கள் அணுகல் இணைப்பை அனுப்புங்கள்” என்று ஒரு டிரம்ஸ் கலைஞருக்கு எழுதினேன். பத்து நிமிடத்தில் பாட்டுக் கோப்புகள் இருக்கும் டிரைவ் சுட்டி வந்து சேர்ந்தது. அவர் மேல் தப்பே இல்லை, நான் எழுதியதற்கு அதுதான் பொருள்.

இணையதளங்களுக்கும் செயலிகளுக்கும் ‘அணுகல்தன்மை’ நன்றாகவே பழகிவிட்டது. அங்கே அதை மாற்றச் சொல்லவில்லை.

> ‘தேவைப் பட்டியல்’ எளிமையானது, எல்லோருக்கும் புரியும். இதில் என்ன தடை?

புரியும், உண்மைதான். எனக்கு அதில் உள்ள தயக்கத்தை எங்கள் கூடத்துக் கதவை வைத்துச் சொல்கிறேன். வெளிச்சத்தமும் அதிர்வும் உள்ளே வராமல் இருக்க, பதிவறையின் தரையைக் கட்டடத்தின் தரையோடு ஒட்டாமல் ரப்பர் மேல் மிதக்கவிட்டுக் கட்டுவார்கள். அதனால் பதிவறைத் தரை நடைபாதையைவிட உயர்ந்துவிடும், வாசலில் ஒரு படி விழும். அடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கனமான கதவுகள், நடுவே சின்னதாய் ஒரு இடைவெளி. சக்கர நாற்காலி ஒரு முழுச் சுற்று திரும்ப ஏறத்தாழ 1500 மி.மீ. குறுக்களவு வேண்டும். எங்கள் இடைவெளியில் அதில் பாதிதான் இருந்தது. முதல் கதவைச் சாத்தாமல் இரண்டாவதைத் திறக்க முடியாது. நாற்காலி நடுவில் நின்றால் முதல் கதவைச் சாத்தவே முடியாது.

ஒரு வயலின் கலைஞர் அந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டார். பின்னாலிருந்து நான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் வயலின் பெட்டியை மடியில் அணைத்தபடி, “இதை முன்னாலேயே கேட்டிருக்கணும், என் தப்பு” என்றார். அவர் தப்பு என்ன இருக்கிறது அதில்? கதவை அப்படி வைத்தவன் நான். ‘தேவைப் பட்டியல்’ என்ற தலைப்பு அதே குரலில்தான் பேசுகிறது. கூடத்தின் குறையை வருபவரின் தேவையாக எழுதிக்கொள்கிறது. 2006-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 30ஆம் உறுப்பு பண்பாட்டு வாழ்வில் பங்கேற்பதைப் பற்றியது. படைப்பாற்றலை வளர்த்துக்கொள்ள வாய்ப்பளிப்பது அவர்கள் நன்மைக்காக மட்டுமல்ல, சமுதாயத்தின் வளத்துக்காகவும் என்கிறது அது. அந்த வயலின் உள்ளே வராமல் போயிருந்தால் இழப்பு பாட்டுக்கும்தானே.

(படியைச் சாய்தளமாக்கிவிட்டோம். உள்கதவைப் பதிவறைப் பக்கம் திறக்கும்படி மாற்றி இடைவெளியையும் அகலப்படுத்தினோம். கதவைச் சாத்தினால் தானே கீழிறங்கி அடைத்துக்கொள்ளும் ரப்பர் பட்டை கிடைக்கிறது. அதைப் பொருத்தியதும் நிலைப்படி மேடே தேவைப்படவில்லை. ஒலித்தடுப்பில் காதுக்குத் தெரிகிற குறை எதுவும் வரவில்லை.)

அடுத்தது ‘இசைவுக் குறிப்பு’. இதை இந்தக் குழுவில் முன்மொழிந்தவன் நானே. இசை என்ற வேரிலிருந்தே பிறந்த சொல், இசைதல் என்றால் பொருந்துதல், இருவரும் ஒருவருக்கொருவர் பொருந்திப் போவது என்றெல்லாம் மூன்று பத்தி எழுதியிருந்தேன். இப்போதும் அந்தச் சொல் மேல் எனக்கு ஆசை உண்டு. ஆனால் ‘இசைவு’ என்றால் சம்மதம் என்ற பொருளும் உண்டே. பதிவு முடிந்ததும் குரலைப் பயன்படுத்தச் சம்மதம் தெரிவித்துக் கையெழுத்து வாங்கும் தாள் ஒன்று எல்லாக் கூடங்களிலும் இருக்கும். ‘இசைவுக் குறிப்பை நிரப்பி அனுப்பவும்’ என்று நான் எழுதியதைப் படித்த பாடகி ஒருவர், பாடுவதற்கு முன்பே உரிமையை எழுதி வாங்கப் பார்க்கிறார்கள் என்று பயந்து, கூப்பிட்டு விசாரித்தார். நம்பிக்கையை வளர்க்க வேண்டிய தாள் சந்தேகத்தை வளர்த்தால் அந்தச் சொல் வேண்டாம். நான் முன்மொழிந்ததை நானே திரும்பப் பெறுகிறேன்.

> ‘ஏதுவான’ என்று சொல்கிறோமே, ‘பாட ஏதுவான சூழல்’ என்று. அதிலிருந்து ‘ஏதுக் குறிப்பு’.

பொருளை எடுத்துக்கொண்டால் நான்கில் இதுதான் சிறந்தது என்று நினைக்கிறேன். அணுகல் என்றால் கிட்டே போய்ச் சேர்வதோடு முடிந்துவிடுகிறது. ஏது என்றால் காரியம் நடக்க வழிசெய்வது வரை வருகிறது. வடசொல் வேர் என்று ஒரு நண்பர் மறுத்திருந்தார். எனக்கு அது தடையாகத் தெரியவில்லை. தடை வேறு இடத்தில் வந்தது.

என்னோடு வேலை செய்யும் ஒலிப்பொறியாளர் பார்வையற்றவர். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை ஒசாரா என்ற கட்டற்ற நீட்சியோடும் என்விடிஏ திரைவாசிப்பானோடும் பயன்படுத்துகிறார். ஒலியளவு காட்டியில் சிவப்பு எரிகிறதா என்று நாம் கண்ணால் பார்ப்போம். அவருக்கு ஒசாரா, எந்த ட்ராக் எத்தனை டெசிபலைத் தொட்டது என்று பேசிச் சொல்கிறது. திரைவாசிப்பானின் குரல் தனி வெளியீடு வழியாக அவர் காதுக்கு மட்டும் போகும். அது பாடகரின் ஹெட்ஃபோனுக்குள்ளும் போகக்கூடாது, பதிவிலும் விழக்கூடாது. ஒரு காதில் பாட்டு, இன்னொரு காதில் வேகமாகப் பேசும் எந்திரக் குரல். அப்படியே ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் கலவை செய்கிறார்.

அவரிடம் ‘ஏதுக் குறிப்பு’ என்ற தலைப்போடு ஒரு கோப்பை அனுப்பினேன். திரைவாசிப்பானின் வேகத்தில் அது ‘எதுக்கு’ என்று தொடங்கும் கேள்வியாகக் கேட்டதாம். “எதுக்குன்னு கேட்டு அனுப்பியிருக்கீங்களே, எதுக்கு எதுக்கு?” என்று உள்ளே வந்தார். நெடிலைக் கவனித்துக் கேட்டால் வித்தியாசம் தெரியும், சரி. ஆனால் இந்தத் தாளைக் காதால் படிப்பவர்கள் பலர். அவர்களைத் தடுக்கி விழவைக்கிற சொல்லை இந்தத் தாளுக்கே பெயராக வைக்க மனம் வரவில்லை. ‘ஏதுவான’ என்ற அடைமொழியை விட்டுவிட வேண்டியதில்லை. ‘ஏதுவான ஒலிப்பதிவுக்கூடம்’ என்று சொன்னால் குழப்பம் வருவதில்லை, அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

இனி என் பரிந்துரை: வசதிக் குறிப்பு.

தொலைபேசியில் முன்பதிவு செய்பவர்களிடம் நான் உண்மையில் என்ன கேட்கிறேன் என்று யோசித்தேன். “உங்களுக்கு எப்படி வசதி?” இதைத்தான் எல்லோரிடமும் கேட்கிறேன். காலையா மாலையா, நின்று பாடுவீர்களா உட்கார்ந்தா, பாட்டு வரிகள் தாளிலா பிரெயிலிலா. பிரெயில் தாள் விரல் பட்டால் சரசரக்கும், மைக் அதை அப்படியே பிடித்துவிடும். அதனால் புள்ளிகள் எழுந்து மாறும் பிரெயில் காட்டியை மேசைமேல் மெத்தென்ற துணி போட்டு வைப்போம். இந்தக் கேள்விக்கு வரும் பதில்தான் அந்தத் தாள். பேச்சிலேயே இருக்கிற சொல், யாரிடம் சொன்னாலும் கூச்சம் வருவதில்லை.

> வசதி என்றால் சொகுசு என்று ஆகிவிடும். உரிமையைச் சலுகையாகக் காட்டும்.

இந்த எச்சரிக்கையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை அக்கா. ‘வசதியானவர்’ என்றால் பணக்காரர் என்றுதான் பொருள். ஆனால் குறிப்புக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படிக்கும் எவரும் சொகுசு என்று நினைக்க வழியில்லை. எங்களுக்கு வந்த ஒன்றிலிருந்து, எழுதியவரின் அனுமதியோடு, சில வரிகள்:

“இரண்டு காதிலும் செவிக்கருவி. காதுக்குள் செருகும் ஹெட்ஃபோன் வேண்டாம். காதை முழுதாக மூடுவது கொடுங்கள், ஆனால் கருவியை அழுத்தினால் கீச்சிடும், அது மைக்கில் விழும். டாக்பேக்கில் (கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பாடுபவரிடம் பேசும் மைக்) பேசும்போது உங்கள் முகம் எனக்குத் தெரிய வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் உங்கள் முதுகில் விளக்கு எரிந்தால் உதடு தெரியாது. எண்ணிக்கை தொடங்குவதைக் கையசைத்துக் காட்டுங்கள்.”

இதைப் படித்துவிட்டு ஒரு மேசைவிளக்கை என் முகத்தின் பக்கம் திருப்பி வைத்தேன், அவ்வளவுதான் செலவு. ஒலியைக் காந்தப்புலமாகச் செவிக்கருவிக்கு அனுப்பும் காந்தச் சுற்றுக் கம்பியையும் தரையில் பதிக்கலாம் என்று கிளம்பி, கம்பி அதிர்வைப் பிடிக்கும் கிடார் பிக்கப்பும் காந்தப்புலத்தை வாங்குவதுதானே என்று நினைவு வந்து நிறுத்தினேன். பேச்சு முழுக்கக் கிடாரில் ஒலித்திருக்கும். அவரையே கேட்டேன், மிக்ஸரிலிருந்து நேராகத் தன் கருவிக்கு வருகிற சின்ன ஒலிபரப்பி போதும் என்றார். இப்படி இருவரும் பேசி முடிவெடுக்க இடம் கொடுப்பதால்தான் ‘குறிப்பு’ என்ற பின்பாதியும் எனக்குப் பிடித்திருக்கிறது. பட்டியல் என்றால் டிக் அடித்துவிட்டு மூடிவிடுவோம்.

இன்னொன்று, டெக் ரைடருக்கும் இதனால் வழி கிடைக்கிறது. ‘தொழில்நுட்பக் குறிப்பு’, ‘வசதிக் குறிப்பு’ என்று இரண்டும் ஒரே வரிசையில் நிற்கும். ஒப்பந்தத்தோடு ஒன்றாகவே போகும். மைக் எண்ணிக்கையை மறக்காத கூடம் இதையும் மறக்காது.

சொற்பட்டியலுக்கு என் வரைவு:

வசதிக் குறிப்பு – பெயர்ச்சொல். இசைஞரோ ஒலிப்பொறியாளரோ தான் தடையின்றி வேலை செய்யக் கூடம் செய்துதர வேண்டியவற்றைத் தானே எழுதி முன்கூட்டி அளிக்கும் ஆவணம். பயன்பாடு: “பதிவு நாளுக்கு ஒரு வாரம் முன்பே வசதிக் குறிப்பு வந்துவிட்டது, அதன்படி மைக் தண்டுகளை இறக்கி வைத்தோம்.”

‘செய்துதர வேண்டியவற்றை’ என்பதை யாரும் ‘செய்துதரக்கூடியவற்றை’ என்று திருத்திவிடாதீர்கள், தயவுசெய்து. வேறு திருத்தம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அப்புறம் பட்டியலில் சேர்த்துவிடலாம். ‘டாக்பேக்’ இன்னும் பெயரில்லாமல் நிற்கிறது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

அன்புடன்.